வீட்டில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: தேர்ந்தெடுப்பது முதல் பழுது கண்டுபிடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருபது, முப்பது வருடம் உழைக்கும். அதற்கு முன்பே அதைக் கொல்பவை பெரும்பாலும் மூன்று: ஒயர் நுனியில் நடக்கும் ஷார்ட், வெளியேற வழியில்லாத சூடு, ஆம்ப் தாங்காத ஸ்பீக்கர் லோடு. மூன்றையும் தடுக்கப் பெரிய மின்னணு அறிவு வேண்டாம். எதை, எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்தால் போதும்.

எத்தனை வாட் வேண்டும்?

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஸ்பீக்கரின் கையேட்டில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 87 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். நீங்கள் உட்காருவது 3 மீட்டர் தூரத்தில். சாதாரண அறையில் அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 டெசிபல் கூடும். ஆக, சேனலுக்கு ஒரு வாட் கொடுத்தால் உங்கள் காதில் 84 டெசிபல்.

வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் அளவு சராசரியாக 75 டெசிபல். அது 84-ஐ விட 9 டெசிபல் குறைவு. அதாவது அந்த நேரத்தில் ஆம்ப் கொடுப்பது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் இசை ஒரே அளவில் ஓடாது. டிரம்மில் விழும் ஓர் அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே எகிறும். அந்த நொடிக்கு 95 டெசிபல் வேண்டும், அதற்குத் தேவை 12 அல்லது 13 வாட். சராசரியையே 85-க்கு ஏற்றினால் அதே அடிக்கு 125 வாட் தேவைப்படும். 10 டெசிபல் கூட்ட வேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும், காதுக்கோ அது இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும்.

இதனால்தான் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபலில் முடிந்துவிடுகிறது. நடுத்தர அளவுள்ள அறைக்கும் 86 முதல் 89 டெசிபல் வரையுள்ள ஸ்பீக்கருக்கும் 40 முதல் 60 வாட் தாராளம். கூடுதல் பணம் இருந்தால் அதை ஸ்பீக்கரில் போடுங்கள். காதுக்கு உடனே தெரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பல கம்பெனிகள் சென்சிட்டிவிட்டியை ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டுக்குத் தருகின்றன. 8 ஓம் (ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு) ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றுதான். 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். ஆகவே அங்கே எழுதியிருக்கும் எண்ணிலிருந்து 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்பின் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த மிகைப்படுத்தலைக் கட்டுப்படுத்தவே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் தனி விதி கொண்டுவர வேண்டியிருந்தது. நம்பத் தகுந்த குறிப்பு இப்படி இருக்கும்: 8 ஓம், இரண்டு சேனலும் ஒரே நேரத்தில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குள். சிதைவு 10 சதவீதம் என்றோ, 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்தது என்றோ இருந்தால் உண்மையான எண் அதைவிடக் குறைவு. பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஓம் கணக்கு

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு பெயரளவு எண். ஒலியின் அலைவரிசைக்கு ஏற்ப அது 6-க்கு இறங்கும், 20-க்கு மேலும் ஏறும். ஓம் குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து போகும் கரண்ட் கூடும், சூடும் கூடும். பின்பக்கத்தில் ஸ்பீக்கர் டெர்மினல் அருகே குறைந்தபட்ச ஓம் அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள்.

பலர் சறுக்குவது ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்கு இடம் உள்ள ஆம்ப்களில்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலான ஆம்ப்களில் அவை பேரலலாக இணையும். 8 ஓம் ஜோடி இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் ஜோடி இரண்டு சேர்ந்தால் 2 ஓம். பெரும்பாலான வீட்டு ஆம்ப்கள் அதை நெடுநேரம் தாங்காது. பின்பக்கத்தில் ஓம் சுவிட்ச் இருந்தால், அதை மாற்றும்முன் பவரை அணையுங்கள்.

இடம்

மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும். மூடிய அலமாரி, மேலே விரிக்கும் துணி, காற்றுத் துளைமேல் அடுக்கிய சிடி பிளேயர் மூன்றும் கூடாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும். பத்து சென்டிமீட்டர் காலி இடம் வாங்கித் தருவது அந்த ஆயுளைத்தான்.

வீட்டு ஆம்ப்களில் பரவலான கிளாஸ் ஏபி வகையின் மேல்மூடி இதமான சூட்டில் இருப்பது இயல்பு. ஐந்து நொடிகூடக் கையை வைக்க முடியவில்லை என்றால் காற்றோட்டத்தையும் ஸ்பீக்கர் ஓமையும் பாருங்கள். கிளாஸ் ஏ வகை மட்டும் விதிவிலக்கு. அது பாட்டு ஓடாதபோதும் கொதிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. கிளாஸ் டி ஆம்ப் மிகக் குறைவாகவே சுடும், ஆனாலும் அதை மூட்டை கட்டி வைக்கக் கூடாது.

ரெக்கார்டு பிளேயர் இருந்தால் அதன் ஊசிப் பக்கம் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் காந்தப்புலத்தைப் பிடித்து ஹம்மாக, அதாவது ஸ்பீக்கரில் கேட்கும் உறுமலாக, மாற்றிவிடும்.

ஸ்பீக்கர் ஒயர்: ஐந்து நிமிடம் பொறுமை

முழுச் செம்பு ஒயர் வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் பார்க்க அதேபோல் இருக்கும். மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல், வளைத்தால் நரம்பும் (உள்ளிருக்கும் மெல்லிய கம்பியும்) சீக்கிரம் ஒடியும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். ஈயப்பூச்சு ஒயரில் இதற்கு மாறாக வெளியே வெள்ளை, உள்ளே செம்பு தெரியும்.

தடிமனுக்குக் கணக்கு எளிது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் மீட்டருக்கு 0.0115 ஓம். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர், மொத்தம் 0.115 ஓம். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 4 ஓமுக்கு அந்த எல்லை 0.2. ஆக ஐந்து மீட்டர் வரை 1.5, அதற்கு மேல் 2.5 சதுர மில்லிமீட்டர். இதைத் தாண்டி ஒயருக்காகக் கொட்டும் பணத்தில் காதுக்கு எதுவும் கிடைக்காது.

1. ஆம்ப்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள்.
2. இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் ஒயரை வெட்டுங்கள். ஒயரில் கோடோ எழுத்தோ உள்ள இழையை எல்லா முனையிலும் ஒரே நிறத்துக்கு வையுங்கள். அது சிவப்பு என்று முடிவு செய்தால் நான்கு முனையிலும் சிவப்பு.
3. நுனியில் 10 முதல் 12 மில்லிமீட்டர் மட்டும் உறையை உரியுங்கள். நரம்புகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஒரு நரம்புகூடப் பிரிந்து நிற்கக் கூடாது.
4. டெர்மினலில் நுழைத்து, செம்பு வெளியே தெரியாதபடி இறுக்குங்கள். பனானா பிளக் போட்டால் ஷார்ட் ஆகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். நுனியில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்காதீர்கள். ஈயம் மெல்லப் பிதுங்கி இணைப்பு தளரும்.
5. டார்ச் அடித்து நான்கு டெர்மினலையும் பாருங்கள். பிறகே பிளக்.

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கருப்பும் மாறிவிட்டால் எதுவும் கெடாது, ஆனால் பாஸ் காணாமல் போகும். நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் அறை முழுக்கக் கலைந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சந்தேகம் வந்தால் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஒயரின் சிவப்பு பிளஸ்ஸில் பட்டால் ஊஃபர் (பாஸ் தரும் பெரிய டிரைவர்) கோன் முன்னே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைவதுதான் முக்கியம்.

இடது, வலது கருப்பு டெர்மினல்களை ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பல கிளாஸ் டி ஆம்ப்களிலும் பிரிட்ஜ் முறை ஆம்ப்களிலும் கருப்பிலும் வோல்டேஜ் இருக்கும். கருப்பைப் பொதுவாக வைத்திருக்கும் ஸ்பீக்கர் செலக்டர் பெட்டிகளும் அங்கே ஆகாது.

எந்தக் கருவி எந்தத் துளைக்கு

சிடி, டிவி, டேக் (டிஜிட்டல் இசையை அனலாகாக மாற்றும்) பெட்டி, புளூடூத் ரிசீவர் எல்லாம் லைன் இன்புட்டுக்கு உரியவை. சிடி, டியூனர், ஆக்ஸ் என்று பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அவை ஒன்றே; எதில் வேண்டுமானாலும் செருகலாம்.

ஃபோனோ மட்டும் வேறு. ரெக்கார்டில் பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டிப் பதிந்திருப்பார்கள். 1950-களில் பொதுவான ஆர்ஐஏஏ வளைவின்படி ஃபோனோ சுற்று அதைத் திருப்பிப் போடுகிறது: 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டி, 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு குறைக்கும். கூடவே மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜின் 3 முதல் 5 மில்லிவோல்ட்டைப் பெருக்கவும் வேண்டும். எனவே ரெக்கார்டு பிளேயரை லைனில் போட்டால் ஈனமாக, சீறலாகக் கேட்கும். 2 வோல்ட் தரும் சிடி பிளேயரை ஃபோனோவில் போட்டால் கரகரவென்று அலறும். பெரும்பாலான மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்கள் அரை மில்லிவோல்ட் அளவோ அதற்கும் குறைவாகவோதான் தரும். அதற்கென்று சுவிட்சோ தனி ப்ரீஆம்ப்போ வேண்டும். ரெக்கார்டு பிளேயருக்குள்ளேயே ஃபோனோ சுற்று இருந்து, அது ஆனில் இருந்தால் லைனில்தான் போட வேண்டும்.

ரெக்கார்டு பிளேயரோடு வரும் மெல்லிய தனி ஒயரை ஆம்ப்பின் கிரவுண்ட் ஸ்க்ரூவில் கட்டுங்கள். ஹம் புகார்களில் பல இதோடு தீர்ந்துவிடும்.

போனிலிருந்து வயர் வழியாகவோ புளூடூத்திலோ பாட்டுப் போட்டால் போனின் வால்யூமை முழு அளவுக்கு அருகே வைத்து, சத்தத்தை ஆம்ப்பில் குறையுங்கள். போனில் குறைத்து ஆம்ப்பில் கூட்டினால் பின்னணி இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

முதல் முறை பவர் போடும்போது

பழைய ஆம்ப் அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் முதலில் பின்பக்க வோல்டேஜைப் படியுங்கள். 100 அல்லது 120 வோல்ட் ஆம்ப்பை 230-இல் செருகினால் ஒரே நொடியில் முடிந்துவிடும்.

வால்யூம் பூஜ்யம், பாஸும் ட்ரெபிளும் நடுவில், லவுட்னஸ் ஆஃப். சிடி, டேக் போன்றவற்றை முதலில் போட்டு, ஆம்ப்பைக் கடைசியாகப் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மூன்று முதல் ஐந்து நொடியில் உள்ளே 'டிக்' என்று ரிலே (ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைக்கும் மின்சுவிட்ச்) விழும். பிறகு வால்யூமை மெல்லக் கூட்டுங்கள்.

வால்யூம் குமிழ் நிற்கும் இடம் சக்தியின் அளவு அல்ல. 2 வோல்ட் சிடி பிளேயர் வைத்தால் பல ஆம்ப்கள் பாதித் திருப்பலுக்கு முன்பே முழுச் சக்தியை எட்டிவிடும். அதற்கு மேல் திருப்பினால் கூடுவது சிதைவுதான். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்போது ட்வீட்டருக்கு (ட்ரெபிள் தரும் சின்ன டிரைவருக்கு) போகும் சராசரிச் சக்தி ஏறுகிறது, அதன் மெல்லிய சுருள் எரிகிறது. சிறிய ஆம்ப்பைக் கதறவிடுவது, பெரிய ஆம்ப்பை அளவோடு ஓட்டுவதைவிட ஸ்பீக்கருக்கு ஆபத்து. குரல் கரகரத்தால் உடனே குறையுங்கள்.

பாஸ் குமிழும் இதே கணக்கில் அடங்கும். 10 டெசிபல் பாஸ் கூட்டினால் அந்த அலைவரிசையில் பத்து மடங்கு சக்தி போகும். பாஸ் போதவில்லை என்றால் ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே நகர்த்திப் பாருங்கள். காசும் இல்லை, வாட்டும் இல்லை. பாஸ் குமுறினால் 30 முதல் 60 சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையுங்கள். லவுட்னஸ் பட்டன் குறைந்த சத்தத்தில் காது பாஸைக் குறைவாகக் கேட்பதை ஈடுகட்டத்தான். இரவில் மெதுவாகக் கேட்கும்போது போடுங்கள், சத்தம் கூட்டினால் எடுத்துவிடுங்கள்.

சத்தமே வரவில்லை

ஆம்ப்பைத் திறக்கும்முன் முன்பக்கத்தைப் பாருங்கள். 1970-கள், 80-களின் ஆம்ப்களில் டேப் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கும். அது உள்ளே அழுந்தியிருந்தால் ஆம்ப் டேப் டெக்கின் சத்தத்துக்காகக் காத்திருக்கும். மற்ற எதுவும் கேட்காது. அடுத்து ஸ்பீக்கர் ஏ, பி சுவிட்ச். அதற்கடுத்து பின்பக்கம்: ப்ரீ அவுட், மெயின் இன் என்ற துளைகளை இணைக்கும் வளைந்த உலோகக் கம்பிகள். அவை தொலைந்திருந்தால் சாதாரண ஆர்சிஏ கேபிள் இரண்டால் இணைத்துவிடலாம்.

ரிலே விழவே இல்லையா? அணைத்து, ஸ்பீக்கர் ஒயர் நான்கையும் கழற்றிவிட்டு, ஆம்ப்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது விழுந்தால் கோளாறு ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. மல்டிமீட்டரால் ஸ்பீக்கரை அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். பூஜ்யம் காட்டினால் ஷார்ட். ஸ்பீக்கர் இல்லாமலும் ரிலே விழவில்லை என்றால் பழுது ஆம்ப்புக்குள்தான். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

மாற்றிப் போட்டுப் பார்ப்பதே வழி. ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் மாறாமல் அதே ஸ்பீக்கராக இருந்தால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ கெட்டது. எதிர்ப் பக்கத்துக்குப் போனால் குற்றம் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ. அடுத்து ஆர்சிஏ கேபிளைப் பிளேயர் முனையில் மட்டும் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் நகர்ந்தால் பிளேயர் கெட்டது. நகராவிட்டால் கேபிள் அல்லது ஆம்ப்.

வால்யூமைக் கூட்டினால் திடீரென்று வந்து, குறைத்தால் போகும் சேனல் என்றால் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்க வாய்ப்பு அதிகம். ரிலேயை மாற்றிவிடுவது நல்லது. அரம் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் மறுபடியும் வரும்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. பிளக்கை உருவி, மின்னணுத் தொடுமுனைக்கான கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் ஒரு நொடி அடித்து, முனைக்கு முனை 20, 30 முறை திருப்புங்கள். அரை மணி காய்ந்த பின் பவர் போடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கும்.

ஹம்

எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப்பின் உடலில் ரீங்காரம் வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வு. மெல்லியதாக இருந்தால் விட்டுவிடலாம்.

ஸ்பீக்கரில் வந்தால் எல்லா இன்புட் கேபிளையும் கழற்றுங்கள். அப்போதும் வால்யூமைப் பொருட்படுத்தாமல் ஒரே அளவில் உறுமினால் பவர் சப்ளை கெபாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், எதில் திரும்ப வருகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் எர்த் உள்ள இரண்டு கருவிகளுக்கிடையே ஏற்படும் கிரவுண்ட் லூப்: கம்ப்யூட்டர், கேபிள் டிவி இணைப்புள்ள பெட்டி. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். போதாவிட்டால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். அதில் மின் தொடர்பே கிடையாது. ஆர்சிஏ பாதைக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு.

பிளக்கின் எர்த் முனையை வெட்டி ஹம்மை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே லைன் ஒயர் அறுந்து ஆம்ப்பின் உலோக உடலில் பட்டால், உயிர் காப்பது அந்த ஒரு முனைதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல், வால்யூம் பூஜ்யத்தில் பத்து நிமிடம் ஆனில் விட்டு, டிசி மில்லிவோல்ட் வரம்பில் சிவப்பு, கருப்பு டெர்மினலுக்கிடையே அளவிடுங்கள். 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நன்று, 50 வரை பரவாயில்லை. 100-ஐத் தாண்டினால் பழுது பார்க்கும் செலவையும் விலையில் சேர்த்து யோசியுங்கள். சில வோல்ட் காட்டினால் அதில் ஸ்பீக்கரையே இணைக்காதீர்கள், ஊஃபரின் சுருள் கருகிவிடும்.

பிளக்கை உருவிவிட்டு ஃபியூஸைக் கழற்றி, அதன் ஆம்பியர் பின்பக்கத்தில் அச்சிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரிய ஃபியூஸோ, கம்பி சுற்றியதோ இருந்தால் யாரோ பழுதை மறைத்திருக்கிறார்கள், விட்டுவிட்டு வாருங்கள்.

பல வருடம் கிடப்பில் இருந்த ஆம்ப்பை நேராகச் சுவரில் செருகக் கூடாது. மெக்கானிக்குகள் 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்பைச் சீரீஸில் போட்டே முதல் பவர் கொடுப்பார்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். டிரான்ஸிஸ்டர்கள் பிழைத்தது அந்தப் பல்பால். எல்இடி பல்பு இதற்கு உதவாது. மூடியைத் திறப்பதும் பழக்கம் உள்ளவர்களின் வேலை: பிளக்கை உருவிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் பல பத்து வோல்ட் தங்கியிருக்கும், ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கினால் தீப்பொறி கண்ணில் தெறிக்கும். சரியான ரெசிஸ்டர் வழியாக மெல்ல இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.